கார்டு வீரர்

என் தங்கை குஞ்சம்மாளுக்கு முதலில் கூடிவந்த சம்பந்தம் ஒரு பதினைந்து காசுத் தபால் கார்டினால் கெட்டுப்போனது. ஒன்பது வருஷமாக அந்தக் காந்தல் எனக்கு அடங்கவில்லை. ஆகவே, கார்டு வீரர் என்கிற பிறவியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியே தீருவேன்.

நேரில் பார்த்தால் இவரை உங்களுக்கு அடையாளம் தெரியாது. பரம சாது. பேசினால் குரல் சட்டைப் பொத்தானைத் தாண்டாது. அந்த மனுஷர் கையில் ஒரு கார்டைக் கொடுத்துப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி போட்டு, 'நலம், நலமறிய ஆவல்' என்று விசாரித்து, அடுத்த வரியிலேயே 'அடேய் மானங்கெட்டவனே' என்று பாய்ந்து, வரிக்கு மூன்று ஆச்சரியக்குறி வைத்து, அடியில் சிவப்பு மையில் கோடு இழுத்து, இடம் போதாமல் ஓரமெல்லாம் சுற்றிச் சுற்றி எழுதி, கடைசி வசவை விலாசத்துக்குப் பக்கத்தில் சொருகி, 'நகல்: உறவினர் அனைவருக்கும்' என்று முடிப்பார். நாசமாய்ப் போகச் சொல்கிறவனிடம் நலம் விசாரிப்பு எதற்கு?

கவரில் போட்டால் என்ன என்கிறீர்களா? கவரில் போட்டால் திட்டு வாங்குகிறவன் மட்டும்தானே படிப்பான்! அதில் என்ன ருசி? கார்டு என்றால் தபாலாபீஸ் படிக்கும், தபால்காரர் படிப்பார், டீக்கடையே படிக்கும்.

எனக்கு வாய்த்த வீரர் கீழப்பழுவூர் அய்யம்பெருமாள். என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தம்பி. என் மகன் காதுகுத்துக்கு வந்தார், இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார், "சாம்பார் அருமை மாமா, வரேங்க" என்று பல்லைக் காட்டிவிட்டு பஸ் ஏறினார். நாலாம் நாள் நான் எங்கள் ஊர் மீன்சுருட்டியில் டீக்கடைக்குப் போனால், தபால்காரர் சின்னதுரை ஒரு கார்டோடு விழித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு முன்னால் கடை பாதி படித்தாகிவிட்டது. முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று அய்யாவுக்குக் கோபமாம்.

"அடுத்த வரியப் படிங்க சார், சத்தமா!" என்று சின்னதுரையை ஏவியது ஒரு குரல்.

"'வாக்குச் சுத்தம் இல்லாத குடும்பம்! உன் வீட்டுப் பெண்ணை எடுப்பவன் உருப்படுவானா!!!'ன்னு போட்டிருக்கு."

"யப்பா, மூணு ஆணி அடிச்சிருக்கான்யா!"

கடையே சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. குஞ்சம்மாளைப் பேசி முடிக்க ஜெயங்கொண்டத்திலிருந்து வந்து, டீ குடிக்க நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பா. டீயைப் பாதியில் வைத்தார். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அப்புறம் என் தங்கைக்குக் கல்யாணம் ஆக ஆறு வருஷம் பிடித்தது.

பொங்கலுக்கு வந்த அய்யம்பெருமாளைப் பிடித்துக் கேட்டேன். "ஏன் மாப்ள, இப்படியா எழுதுவ?"

"அது கார்டுங்க மாமா. எழுத உக்காந்தா அப்படித்தான் வருது. மனசுல ஒண்ணும் கெடையாதுங்க."

கேட்டீர்களா? மனசில் இல்லாதது பேனாவுக்குள் எப்படிப் போயிற்றாம்? அதைக் கடையில் மையோடு கலந்து விற்கிறானா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முகத்துக்கு நேரே சொல்லத் துணியாத ஒன்றைப் போன மாசம் நீங்கள் யாருக்கும் எழுதிப் போடவில்லையே? 'உண்மையைத்தானே எழுதினேன்' என்று உங்களுக்கு நீங்களே தட்டிக்கொடுத்துக்கொள்ளவில்லையே? உங்கள் விலாசம் எனக்குத் தெரியாது, தபால்காரருக்குத் தெரியும். நான் மட்டும் என்ன யோக்கியன்? இதைக் கவரில் போட்டு அய்யம்பெருமாளுக்கு மட்டும் அனுப்பாமல் அச்சில்தானே ஏற்றுகிறேன்!

போன வெள்ளிக்கிழமை அய்யம்பெருமாள் வந்திருந்தார். அவர் மகள் ஜெயலட்சுமியைப் பெரம்பலூரில் பேசியிருக்கிறார்கள். குடும்பம் எப்படி என்று மாப்பிள்ளை வீட்டார் என்னிடம்தான் எழுதிக் கேட்டிருந்தார்கள். அது அவருக்கும் தெரிந்துவிட்டது. கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது வாசல்வரை போய்த் திரும்பிவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நல்லபடியா நாலு வரி எழுதிடுங்க மாமா. அப்படியே மனசுல ஏதாச்சும் இருந்து வேற மாதிரி எழுதுறதா இருந்தாலும் எழுதுங்க. கார்டுல மட்டும் வேணாங்க. கவருல போட்டு நல்லா ஒட்டிடுங்க."