நிப்பாட்டியாரின் பிறேக்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: நான் ஒரு மனிதரின் பிறேக்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அடுத்தவன் காணியைப் பார்த்தோ, அவன் மகனின் டொக்டர் உத்தியோகத்தைப் பார்த்தோ வயிறெரிபவனுக்கு ஊரில் ஒரு கௌரவமாவது உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

பிறேக்கின் சொந்தக்காரரை ஊர் நிப்பாட்டியார் என்றுதான் கூப்பிடும். மலாயாவில் ரயில் ஓட்டி, பென்சனோடு வேலணைக்குத் திரும்பியவர். அவரைப்போலக் காரை நிறுத்தத் தெரிந்த மனிதர் யாழ்ப்பாணத்துத் தீவுகள் ஏழிலும் பிறக்கவில்லை. ஓட்டுவதில் அவருக்கு அக்கறையே கிடையாது. நிறுத்துவதற்கு முன் செய்து தொலைக்கவேண்டிய சில்லறை வேலை என்றுதான் ஓட்டினார்.

அவரிடமும் என்னிடமும் இருந்தவை ஒரே அச்சுக் கார்கள். உலக யுத்தத்துக்கு முந்தியவை. கம்பி இழுத்துப் பிடிக்கும் பிறேக். மேடுபள்ளமில்லாத தீவுக்கு அது போதும் என்றிருந்தேன். சந்தையடியில் நிறுத்துவதற்குத் தபாற்கந்தோரடியில் மிதிக்கத் தொடங்குவேன். மிச்சத்தை மணல் பார்த்துக்கொள்ளும்.

அவருக்கு அது போதவில்லை. யாழ்ப்பாணத்தில் உடைந்து கிடந்த புதுக்கார் ஒன்றிலிருந்து, கம்பிக்குப் பதில் எண்ணெய் அழுத்திப் பிடிக்கும் பிறேக்கைக் கழற்றி வந்து, ஆறு மாதம் காருக்கடியிலேயே குடியிருந்து பூட்டினார். பிறகு தெருவில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, வேகமாக வந்து, ரயர் பழத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்திக் காட்டினார்.

“நசிக்க எவனுக்கும் ஏலும், மாஸ்ரர். நசிக்காமல் நிக்க வேணும்,” என்றார், பள்ளிக்கூட வாத்தியாரான என்னைப் பார்த்து.

பழம் மத்தியானம் அவர் வீட்டில் சர்பத்தாகும். மறுநாள் வேறு பழம். ஒருநாள் என் மனைவியும் பார்க்கப் போனாள். அதுதான் பொறுக்கவில்லை.

“அந்தக் கார் நிக்கிற வடிவைப் பாருங்கோவன். எங்கடை கார் நிக்கிறேல்லை, களைச்சுப்போய் இருக்குது,” என்றாள்.

மைத்துனனுக்குக் கலியாணம் வந்தது. பெண் காரைநகர். ஊர்காவற்றுறையிலிருந்து ‘பாதை’யில், அதாவது வாகனம் ஏற்றும் தட்டை மிதவையில், கடலைக் கடக்கவேண்டும். சரிவில் இறங்கி மிதவையில் ஏறும் கார், மறுபக்கத்தால் கடலுக்குள் போகாமல் நிற்கவும் வேண்டும். மாப்பிள்ளையை ஏற்றும் உரிமை அத்தானான எனக்குத்தான் என்று இருந்தேன். மாமி வந்தார்.

“தம்பி, கோவிக்காதேங்கோ. மாப்பிள்ளை நிப்பாட்டியாற்றை காரிலை வரட்டும். நீங்கள் பலகாரத்தைக் கொண்டு வாங்கோ.”

பலகாரம் கடலில் விழுந்தால் பரவாயில்லையாம்!

நானும் எண்ணெய் பிறேக் பூட்டுவதென்று தீர்மானித்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்னொரு உடைந்த காரிலிருந்து சாமான்களை வாங்கி வந்தேன்; படித்தவன் அல்லவா, புத்தகத்தைப் பார்த்தே பூட்டினேன். பிறேக் ஒயில்தான் கிடைக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கம், வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடையில் இல்லாத காலம். பிறேக் ஒயிலை ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்வதுண்டு என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. மருந்துக்கடையில் இரண்டு போத்தல் ஆமணக்கெண்ணெய் கேட்டேன். கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்து, “எத்தினை நாளாய் மாஸ்ரர்?” என்று அனுதாபத்தோடு விசாரித்தார்.

கலியாணத்தன்று துறையில் என் கார்தான் முன்னுக்கு. மாப்பிள்ளைக் கார் பின்னால். கொதிக்கிற வெயிலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தபின் பாதை வந்தது. காரைச் சரிவில் இறக்கினேன். மிதித்தேன். ஆகா! முன்சில்லு மிதவையில், பின்சில்லு தரையில், கார் சிலைபோல நின்றது. திரும்பி நிப்பாட்டியாரை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு பெடலை விட்டேன். கார் அசையவில்லை. வெயிலில் வீங்கிய எண்ணெய், மிதித்த பிறேக்கைத் திரும்ப விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பத்துப் பேர் தள்ளிப் பார்த்தார்கள். தலைப்பாகைக்குள் மாப்பிள்ளை வியர்த்தான். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. மாமி என் பெயரைச் சொல்லவில்லை; பிள்ளையாரைத்தான் கூப்பிட்டார். ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டார்.

“எப்பன் விலகுங்கோ,” என்று நிப்பாட்டியார் பட்டு வேட்டியோடு காருக்கடியில் புகுந்தார். ஸ்பானர் திருகும் சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். நான் குனிந்தேன்.

“மாஸ்ரர்,” மெல்லக் கேட்டார், “ஆமணக்கெண்ணெயோ?”

“ஓம்.”

“வாயைத் திறவாதையும்.”

எண்ணெய் வழிந்தது, பிறேக் விட்டது, ஆட்கள் பிடித்துத் தள்ளிக் காரை மிதவையில் ஏற்றினார்கள். அவர் எழும்பி, துறை முழுக்கக் கேட்கச் சொன்னார்: “மாஸ்ரற்றை பிறேக் என்ரையிலும் திறம். இப்பிடிப் பிடிக்கிற பிறேக்கை நான் மலாயாவிலையும் காணேல்லை!”

முகூர்த்தம் தப்பவில்லை. மாமி முதல்தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தார். பட்டு வேட்டியில் எண்ணெய் ஒழுக நிப்பாட்டியார் சபையில் இருந்ததைப் பார்க்க, அந்தப் பெருந்தன்மைமீதும் எனக்குப் பொறாமை வந்தது. நான் பொறாமைப்பட்ட எத்தனையோ பேரில், எனக்காகக் காருக்கடியில் படுத்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் ஒரு புது வேட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை, எங்கேயோ நிறுத்திக்கொண்டிருந்தார். வேட்டியை வாங்கிய அவர் மனைவி, என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இதுக்குப் போய் வெக்கப்படுறதோ, தம்பி? நீங்கள் ஆமணக்கெண்ணெய் ஒருக்கால்தானே ஊத்தினியள்? இவர் ரண்டு தரம்.”