மாக்கஸுக்கு வெளிச்சம்

பல்கனியில் வைத்த மூன்றாம் நாளே மாக்கஸின் இலைகளில் மண்ணிறத் திட்டுகள் விழுந்துவிட்டன. கஸ்பர் குனிந்து பார்த்தார். நெருப்புப் பட்ட கடதாசி போலிருந்தது.

மாக்கஸ் ஓர் அந்தூரியம் செடி. அதற்கு முன் அது ஒரு மனிதனின் பெயர். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில், இரண்டு பேருக்கு ஒரு குளிர்ச்சட்டையோடு, கனடாவில் தங்கள் முதல் இரண்டு பனிக்காலங்களைக் கஸ்பரும் மாக்கஸும் கழித்தார்கள். பகல் வேலை முடித்து வந்து மாக்கஸ் கழற்றும் சட்டையை, சூடு ஆறமுன் போட்டுக்கொண்டு கஸ்பர் பின்னேர வேலைக்கு ஓடுவார். ஒன்பது வருடங்களுக்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாக்கஸ் கடைசியாகச் சொன்னது யன்னலோரம் இருந்த செடியைப் பற்றித்தான்.

"உந்தச் செடியைக் கொண்டு போடா. பட்டுப்போக விட்டிடாதை."

அன்றிலிருந்து வெக்ஸ்போர்ட் வீட்டில், காலைத் தேத்தண்ணியோடு கஸ்பர் அதன் முன்னால் இருந்து கதைப்பார். தண்ணியும் வெளிச்சமும் மனைவி கிளடிஸின் பொறுப்பு. அது பூக்காத வருடமே இல்லை.

ஜூனில் கிளடிஸ் மன்னாருக்குப் போனார். அக்காவுக்கு ஒப்பரேசன். பிறகு பார்க்க ஆளில்லை, ஏப்ரில்வரை நிற்கவேண்டும். விமான நிலையத்தில் கஸ்பர் கேட்டார்.

"வெளிச்சத்தை எப்பிடிப் பாத்துக் குடுக்கிறனீர்?"

கிளடிஸ் கைப்பையைத் திறந்து பாஸ்போட்டைத் தேடினார். "அது... காலத்துக்குக் காலம் மாறும். நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. இருக்கிற இடத்திலயே இருக்கட்டும்."

கஸ்பரால் ஒன்றும் செய்யாமல் இருக்க முடியவில்லை. 'வெயில் நாட்டுச் செடி. எங்களைப் போலத்தான். கோடை வெயிலைக் கொஞ்சம் வாங்கட்டும்' என்று பல்கனிக்குக் கொண்டுபோனார். அதுதான் கருகியது.

பயந்துபோய் உள்ளே கொண்டுவந்து ரீவிக்குப் பின்னால், இருட்டு மூலையில் வைத்தார். செப்ரெம்பரில் பார்த்தால், தண்டுகள் வெளிச்சத்தைத் தேடி நீண்டு, யாரையோ எட்டிப் பார்ப்பதுபோல் வளைந்து நின்றன. பூ ஒன்றுமில்லை. மார்க்கம் நகரில் இருக்கும் மகள் மெலனிக்குப் போன் எடுத்தார்.

"டாட், அதுக்கு பிரைட் இன்டிரெக்ட் லைட் வேணும். வெயில் படக்கூடாது. பட் நல்ல வெளிச்சமா இருக்கோணும்."

"வெயில் இல்லாத வெளிச்சமோ?"

"யெஸ்."

"அப்பிடி ஒண்டை நான் எங்க போய்த் தேடுறது, பிள்ளை?"

தேடினார். ஒக்ரோபரில் சூரியன் தாழ்ந்து, வெயில் அறைக்குள் நெடுந்தூரம் வரத் தொடங்கியது. செடியைச் சில்லு வைத்த மேசையில் ஏற்றி, வெயிலின் விளிம்புக்கு ஒரு முழம் தள்ளியே நாள் முழுக்க உருட்டிக்கொண்டு திரிந்தார். ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. பதினொரு மணிக்குத்தான் வெயில் சோபாவைத் தாண்டுகிறது. ஓயாத இந்தப் பயணத்தில் மூன்று இலைகள் விழுந்தன.

நவெம்பரில், பனிக்காலத்துக்காக, ஊர் முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள். ஐந்து மணிக்கு முன்பே பொழுது பட்டது. கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்கக்கூடாதென்று யன்னல் கண்ணாடியோடு ஒட்டி வைத்தார். கண்ணாடியின் குளிரில் இரண்டு இலைகள் கறுத்தன. குளிர்கிறதே என்று ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தார். மிச்ச இலைகளின் நுனி அப்பளம்போல் நொறுங்கியது.

டிசெம்பரில் செடிகளுக்கான விசேஷ லைற் ஒன்றை வாங்கிப் பூட்டினார். வீடு முழுக்க ஊதாவானது. அன்றைக்கென்று கிளடிஸ் வீடியோவில் வந்தார்.

"உங்கட முகம் ஏனப்பா நாவல்பழம் மாதிரிக் கிடக்கு?"

"நத்தார் வருகுதெல்லே, லைற் போட்டனான்."

"மாக்கஸ் எப்பிடி?"

கஸ்பர் வாழ்க்கையில் மனைவிக்குச் சொன்ன பெரிய பொய் அதுதான். "சோக்கா இருக்கிறான். ரெண்டு பூ."

"பூவோ?" கிளடிஸின் முகத்தில் ஓர் ஆச்சரியம் வந்து போனது. "சரி, சரி" என்றவர், காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. 'என்னில அவ்வளவு நம்பிக்கை' என்று நினைத்துக் கஸ்பர் இன்னும் உடைந்துபோனார்.

குற்ற உணர்வில் லைற்றை அணைக்காமலே விட்டார். இரண்டு கிழமைக்குப் பிறகு வந்த மெலனி பதறினாள்.

"டாட்! ட்வென்டிஃபோர் அவர்ஸும் ஓனா? செடியும் நித்திரை கொள்ளோணும்!"

கஸ்பர் சுவிச்சை அணைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்தார். நித்திரையில்லாமல் உழைத்தே போனவன் மாக்கஸ். அவனை இங்கேயும் தூங்கவிடவில்லை.

மார்ச்சில் நல்ல வெளிச்சம் வந்தது. வாங்கிக்கொள்ள ஒரேயொரு இலைதான் மிச்சமிருந்தது. ஏப்ரில் முதல் திங்கட்கிழமை அதுவும் விழுந்தது. சனிக்கிழமை கிளடிஸ் வருகிறார்.

அந்தத் திங்கள் காலை தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வெறும் தண்டுக்கு முன்னால் இருந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளடா" என்றார். "நான் வெளிச்சத்தைத் துரத்தினன். உன்னைப் பாக்கேல்லை."

தேத்தண்ணி ஆறிப்போனது. அவர் எழுந்து, கண்ணைத் துடைத்து, சப்பாத்தைப் போட்டார். ஒன்பது வருடம் அந்த மனுசி காப்பாற்றியதைத் தான் பத்து மாதத்தில் கொன்றதை எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. அதேபோல் ஒன்றை வாங்கிப் பழைய சட்டியில் வைத்துவிடவேண்டியதுதான். மாக்கஸிடம் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டாயிற்று.

லோறன்ஸ் வீதியிலிருந்த தமிழ்ப் பூக்கன்றுக் கடையில், அன்ரனெற் என்ற பிள்ளை வேலைக்கு நின்றாள். கஸ்பர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, ஒரு அந்தூரியம் வேணும். இவ்வளவு உயரம். சிவப்பு எண்டால் கடும் சிவப்பில்லை, கொஞ்சம் ரோஸ் கலந்தது. ஒம்பது வயசுச் செடி மாதிரித் தெரியோணும். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அன்ரனெற் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பின்னறைக்குள் போய், கடதாசி சுற்றிய செடி ஒன்றைத் தூக்கிவந்து முன்னால் வைத்தாள். அதே உயரம். அதே ரோஸ் கலந்த சிவப்பு.

"கிளடிஸ் அன்ரிதானே அனுப்பினவ? ஒவ்வொரு ஏப்ரிலும் தானே வந்து எடுக்கிறவ, இந்தமுறை மன்னாரிலயிருந்து போனில எடுத்து வைக்கச் சொன்னவ. ஆனா வழக்கம்போல ஒளிச்சுக் கொண்டுபோங்கோ அங்கிள், அவவின்ர மனுசன் அது இன்னும் அந்தப் பழைய செடிதான் எண்டு நம்பி அதோட கதைக்கிறாராம்."