தெங் வைத்தியர் புத்தகத்தில் எழுதாத பொடி

இருமல் நின்றுவிட்டது என்று சொல்லத்தான் நூடுல்ஸ் கடை ஹோங் வந்திருந்தான். தெங் வைத்தியருக்கு அந்தச் சேதி பிடிக்கவில்லை.

"யார் மருந்து?"

"உங்க புத்தகம்தான், வைத்தியரே. பாத்து வீட்டுக்காரியே கஷாயம் வச்சா. இனிமே இங்க வந்து காத்துக் கெடக்க வேண்டியதில்ல."

அந்த வாரத்தில் அப்படிச் சொன்ன நாலாவது ஆள் அவன்.

முழுசாகச் சொல்லிக்கொடுத்த குரு பட்டினி கிடப்பான் என்பது சிச்சுவானில் தொழில்காரன் எவனும் மறக்காத பேச்சு. தெங்கும் மறக்கவில்லை. முப்பது வருஷ வைத்தியத்தைப் புத்தகமாகப் போட்டபோது, ஒவ்வொரு கஷாயத்திலும் சேரும் தாத்தா காலத்துக் கறுப்புப் பொடியை மட்டும் எழுதாமல் விட்டார். புத்தகம் பேரைக் கொடுக்கும், தீராத வியாதி ஆளைக் கொண்டுவரும் என்று நினைப்பு. பேர் வந்தது. ஆள் வரவில்லை. வாசல் பெஞ்சில் பூனை தூங்கியது.

வேறு என்ன போட்டீர்கள் என்று ஹோங்கைக் குடைந்தார். அவன் புத்தகத்தைப் பிரித்து விரல் வைத்துக் காட்டினான். அதில் இருந்தது மட்டும்தான்.

நாடி பார்க்காமல் குடித்தால் நான் பொறுப்பில்லை என்று பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவ்வளவு வீரியமா என்று ஊர் இன்னும் ஐந்நூறு பிரதி வாங்கியது. படித்தவன் மிரட்டினால் ஊர் அப்படித்தான் நடக்கும். புத்தகம் இருக்கும்போது தெங் எதற்கு என்று சந்தையில் பேச்சு வேறு.

கடைசியில் இரண்டாம் பதிப்பில் ரகசியத்தை அவிழ்த்துவிட்டார். எல்லாக் கஷாயத்துக்கும் கறுப்புப் பொடி ஒரு சிட்டிகை. பொடி என் கடையில் மட்டும் கிடைக்கும்.

கூட்டம் வந்து வாங்கிப் போனது. மறுநாள் அதே கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. இருமல் திரும்பாமலிருக்க ஒரு வேளை குடித்துவைத்த ஹோங் முன்னால் நின்றான்.

"ஒம்பது தடவ போயிட்டேன். நீங்க வைத்தியரா, சாக்கடை குத்துறவரா?"

தெங் அசரவில்லை. இந்தப் பொடி சேராமல் ஒரு பொட்டலம்கூட இந்தக் கடையைத் தாண்டியதில்லை, இத்தனை வருஷத்தில் எவனாவது ஓடினானா என்று கேட்டார். முதல் நாளிலிருந்து பொட்டலம் கட்டுகிற யான்ஹுவாவையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று அவளை முன்னால் இழுத்துவிட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுங்கய்யா, எலி வராம இருக்க நான் இத்தன வருஷமா மருந்து அலமாரிக்கு அடியில தூவுற பொடியா?"