பித்தளைக் கம்பியும் ஐந்து சிவப்பு முளைகளும்

வெல்ஷ் நாட்டுக் கும் ஹெலிக் பள்ளத்தாக்கில் அந்த ஆண்டு வீடு கட்ட நினைத்த எல்லாருக்கும் ஒரே தெய்வம்தான். பெயர் எம்லின் ப்ரோதரோ. கையில் இரண்டு பித்தளைக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கக் குழி இருந்தால் கம்பிகள் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். அங்கே ஒரு சிவப்பு முளை அடிப்பார். மற்ற இடத்தில் கோட்டையே கட்டலாம்.

எங்கள் ஊருக்கு அடியில் மண்ணைவிட ஓட்டை அதிகம். பாட்டன்மார் நூறு வருடம் கரி வெட்டிவிட்டு, வரைபடத்தில் பாதியைத் தொலைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். அனுமதி வாங்கி, எந்திரத்துக்கு முறை வந்து, துளைபோட்டுப் பார்க்க மாதக்கணக்காகும். எம்லினுக்கு ஒரு மதியம் போதும். கார் கொட்டகைக்கு அழைத்தார்கள், கோழிக்கூண்டுக்கு அழைத்தார்கள். கிளெனிஸ் தன் நாய்க்கு வீடு கட்டவும் அழைத்தாள். கம்பிகள் தழுவின. நாய் இன்றுவரை அவள் கட்டிலில்தான் தூங்குகிறது.

அப்புறம் குழந்தைகள் காப்பகம் கட்டும் பேச்சு வந்தது. கமிட்டித் தலைவர் ஹேடன் பியூ, எம்லினையே கூப்பிட்டுவிடலாம் என்றார். கூட்டத்தில் எழுந்து நின்றவள் நெரிஸ் ஒருத்திதான். துளைபோடும் எந்திரம் ஓட்டுகிறவள்.

"துளை போடாம அஸ்திவாரம் எடுக்காதீங்க ஹேடன். நாப்பது குழந்தைங்க இருக்கப்போற இடம்."

"உன் பொழைப்பு போயிடும்னு பேசுற."

"பொழைப்புதான், இல்லேங்கல. ஒண்ணு சொல்லுங்க. அவரு முளை அடிச்ச இடத்துல யாராச்சும் தோண்டிப் பாத்தீங்களா?"

"குழி இருக்குற இடத்தை எவன் தோண்டுவான்?" என்றாள் கிளெனிஸ்.

"குழி இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அதான் முளை இருக்கே."

சபை கைதட்டியது. எங்கள் ஊர் தர்க்கம் அப்படி.

ஆனால் ஹேடனுக்கு உள்ளே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். சனிக்கிழமை சோதித்துப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். காப்பகம் கட்டப்போகும் மைதானத்தில் பாதி ஊர் கூடியது. தேநீர், வெல்ஷ் கேக், ஆண்கள் பாடகர் குழு, எல்லாம் வந்துவிட்டன. எம்லின் கம்பீரமாக நடந்து ஓரங்களில் ஐந்து முளை அடித்தார். நடுவில் ஒரு வெள்ளை நாடா போட்டார்.

"இங்க கட்டுங்க. அடியில முழுப் பாறை."

"சரி, இப்ப கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொரு நடை நடங்க," என்றாள் நெரிஸ்.

"இருட்டுல பூமி பேசாதும்மா."

"சுரங்கத்துக்குள்ள முப்பது வருஷம் நான் என்ன விளக்குத் திருவிழாவா பாத்தேன்?" என்றார் பழைய கரித்தொழிலாளி ஒருவர். கூட்டம் சிரித்தது. எம்லின் வேறு வழியில்லாமல் தலையை நீட்டினார்.

ஹேடனின் ரக்பித் துண்டால் கண்ணைக் கட்டினார்கள். எம்லின் தன் முதல் முளையைத் தாண்டிப் போனார், கம்பிகள் அசையவில்லை. இரண்டாவது முளையில் கால் தடுக்கி விழுந்தார். எழுந்து தேநீர் மேசைக்கு வந்ததும் கம்பிகள் தழுவின. பாடகர் குழுவின் நடுவே தழுவின. ஹேடனின் வயிற்றுக்கு முன்னால் மூன்று தடவை தழுவின.

"எனக்குள்ள எத்தனை ஆழம்னு பாத்துச் சொல்லுங்க," என்றார் ஹேடன். கிளெனிஸுக்குத் தேநீர் மூக்கு வழியாக வந்தது.

நெரிஸ் சிரிக்கவில்லை. எந்திரத்தை ஓட்டினாள். ஐந்து முளைகளுக்கு அடியிலும் கெட்டிப் பாறை. கடைசியாக வெள்ளை நாடாவுக்கு வந்தாள். எட்டு மீட்டர் இறங்கியதும் துளைக்கம்பி தடையில்லாமல் சர்ரென்று கீழே போனது. துளையிலிருந்து பழைய குளிர்காற்று மேலே வந்தது.

ஹேடன் கட்டட வரைபடத்தை விரித்து விரலை வைத்தார்.

"இங்கதான் குழந்தைங்க தூங்குற அறை," என்றார்.

எம்லின் கம்பிகளைத் துடைத்தார். "இன்னிக்கு ஈரம் ஜாஸ்தி. கம்பிக்கு ஆகாது," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

குழியைச் சிமெண்ட் குழம்பால் நிரப்பி, மறுபடி துளைபோட்டுப் பார்த்து, ஏழு மாதம் தாமதமாகக் காப்பகம் எழுந்தது. எம்லின் இப்போது அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கிறாராம். நல்ல கூட்டமாம். அவரைச் சொல்லி என்ன பயன்? அவர் ஆட்டியது இரண்டு கம்பிகளைத்தான். தலையை ஆட்டியது நாம். உங்கள் ஊரிலும் யாராவது முளை அடித்திருந்தால், கும்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை தோண்டிப் பாருங்கள்.