தொண்ணூறு ராத்திரி உறுப்பினர்

பிள்ளைகளே, அப்பாக்களும் பொய் சொல்வார்கள். இதை உங்கள் அப்பா உங்களுக்கு எழுதித் தரமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். நான் சொன்ன பொய், பளிங்குத் தரையில், ஏ.சி. குளிரில், கையில் புளிச்சோற்றுத் தூக்குவாளியோடு நின்று சொன்னது. ஆறு வருஷம் ஆகிவிட்டது. நினைத்தால் இன்னும் காது சூடாகிறது.

நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். சொந்த ஊர் கோவில்பட்டி, வீடு டெல்லி துவாரகாவில். லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை போடுவார்களே, அந்த எடைமேடைகளைப் பழுது பார்ப்பது என் வேலை. கரும்பு சீசன் வந்தால் உத்தரப் பிரதேசத்துச் சர்க்கரை மில்களில்தான் கிடப்பேன். மில் கெஸ்ட் ஹவுஸில் ஒரு கட்டில், ஒரு கொசுவலை. (கொசுவலையில் ஓட்டை. ஓட்டையில் கொசு.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவாரகா மாலில் பயணக் கண்காட்சி போட்டிருந்தார்கள். கோட்டுப் போட்ட ஒரு பெண் என்னை நிறுத்தி, "சார், நீங்க அடிக்கடி டிராவல் பண்றவரா?" என்று கேட்டாள். பதினைந்து வருஷமாக ஊர் ஊராக அலைகிறேன், இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை. நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. மூன்று பெரிய ஹோட்டல் குழுமங்களின் உறுப்பினர் திட்டங்களை விளக்கும் தாள்களோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்று என் மனைவி செல்வியின் தம்பி செந்தில் வந்திருந்தான். குர்காவ்னில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று தாள்களையும் கட்டிலில் பரப்பி வைத்து, மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தான், இதுல சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க," என்றான் செந்தில். "போன வருஷம் நீங்க எங்கெங்க படுத்தீங்க?"

"அதை எதுக்குக் கேக்க மாப்ள?"

"நாம அடிக்கடி போற ஊர்ல அவங்க ஹோட்டல் இருந்தாத்தான் பிரயோஜனம். அங்க தங்கத் தங்கத்தான் சலுகை கூடும். நீங்க போறது சீதாப்பூர் மில்லு. அங்க இவங்க யாருக்கும் ஹோட்டல் கிடையாது. ஊர்ப் பக்கம் போனா மதுரையில உங்க அக்கா வீடு. அப்புறம் எதுக்கு இது?"

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. மதுரைக்குப் போய் நான் ஹோட்டலில் தங்கினேன் என்று தெரிந்தால், அக்கா என் கருமாதிக்குக்கூட வரமாட்டாள். ஆனால் மச்சினன் சரியாகப் பேசும்போது ஒரு அத்தானால் ஒத்துக்கொள்ள முடியுமா? "உனக்குத் தெரியாது மாப்ள" என்று சொல்லி, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் அது என்றால், அதன் தாள்தான் தடிமனாக இருந்தது. அரண்மனை முன்னால் யானை நிற்கிற படம் வேறு.

சேருவதற்குக் காசு கேட்கவில்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். படிவத்தில், வருஷத்துக்கு எத்தனை இரவு வெளியூரில் தங்குவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். தொண்ணூறு என்று எழுதினேன். அது பொய் இல்லை. மில் கட்டில், ரயில் பெர்த், அக்கா வீட்டு ஹால், எல்லாம் சேர்த்துத் தொண்ணூறு. மறுநாளே மெயில் வந்துவிட்டது. 'எங்கள் மதிப்புமிக்க உறுப்பினரே, வருக!' அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்தேன்.

இங்கேதான் என் மூளை செய்த வேலையைச் சொல்ல வேண்டும். உறுப்பினர் என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கம் ஒன்றுதான். சங்க உறுப்பினர் எப்போது வேண்டுமானாலும் போகலாம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு போய்ப் பந்தியில் உட்காரலாம். ஹோட்டல் உறுப்பினரும் அப்படித்தான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், என் மகள் கனியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கனி அப்போது ஆறாம் வகுப்பு. அந்தக் கோடையில்தான் நீச்சல் கற்றிருந்தாள். "உன் பிறந்தநாளுக்கு அந்த ஹோட்டல் நீச்சல் குளத்துல குளிக்கலாம்டா. அப்பா மெம்பர்," என்றேன். அவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் செந்திலையும் கூப்பிட்டேன். (அவன் முகம் தொங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமே.)

பிறந்தநாள் அன்று, மே மாத வெயிலில், செந்திலின் காரில் நால்வரும் அந்தக் குழுமத்தின் டெல்லி ஹோட்டலுக்குப் போனோம். கனி வீட்டிலேயே நீச்சல் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டாள். செல்வி மூன்று துண்டு, ஒரு தூக்குவாளிப் புளிச்சோறு, ஒரு டப்பா வடகம் எடுத்துக்கொண்டாள். பந்திக்குப் போகிறோம் என்றாலும் வெறுங்கையோடு போவது எங்கள் வழக்கம் இல்லை.

வாசலில் பைகளை மெஷினுக்குள் விட்டார்கள். காவலர் தூக்குவாளியைத் திறக்கச் சொன்னார். செல்வி திறந்தாள். நல்லெண்ணெயும் பெருங்காயமும் சேர்ந்து எழுந்த வாசம், வரவேற்பறையில் பெரிய ஜாடியில் நின்ற வெள்ளைப் பூக்கள்வரை போனது. இரண்டு வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் லேமினேஷனை நீட்டினேன். காவலர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வழி விட்டார். அந்த அட்டை அன்று செய்த ஒரே நல்ல காரியம் அது.

மூவரையும் சோபாவில் உட்காரவைத்துவிட்டு, நான் மட்டும் மேஜைக்குப் போனேன். அங்கிருந்த பெண் கைகூப்பி வணங்கி, ஹிந்தியில் அறை எண்ணைக் கேட்டாள்.

"ரூம் வேண்டாம். நாங்க மெம்பர். குழந்தை நீந்தணும், அவ்வளவுதான்," என்று எனக்குத் தெரிந்த மில் ஹிந்தியில் சொன்னேன். (அது கரும்பு லாரிக்காரர்களிடம் கற்ற ஹிந்தி. வணக்கம் சொன்னாலே சண்டைக்குப் போவதுபோல் இருக்கும்.)

அவள் கம்ப்யூட்டரில் பார்த்தாள். "சார், வருஷத்துக்குத் தொண்ணூறு இரவுன்னு எழுதியிருக்கீங்க. எங்ககிட்ட ஒரு இரவுகூடப் பதிவாகலையே. எந்த ஹோட்டல்ல தங்கினீங்க?"

"சீதாப்பூர்," என்றேன்.

"சீதாப்பூர்ல எங்களுக்கு ஹோட்டல் இல்லையே சார்."

"ஹோட்டல் இல்லம்மா. சர்க்கரை மில்லு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோல் மெதுவாகச் சொன்னாள். நீச்சல் குளம் அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்குத்தானாம். என் உறுப்பினர் நிலை ஆரம்ப நிலையாம், பெயர் கொடுக்கிற எல்லோருக்கும் அது உண்டாம். தங்கினால்தான் மேலே போகுமாம். கடைசியில், "உங்களுக்கும் குழந்தைக்கும் குடிக்கத் தண்ணீர் தரட்டுமா சார்?" என்று கேட்டாள்.

தண்ணீர் என்றதும் எனக்குப் பொய் வந்துவிட்டது.

சோபாவுக்குத் திரும்பினேன். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். "குளத்துல தண்ணி மாத்துறாங்களாம். இன்னைக்கு மூடிட்டாங்க," என்றேன்.

செல்வி தூக்குவாளியை மடியில் சரிசெய்தாள். கனி எழுந்தாள். டெல்லியில் பிறந்த பிள்ளை அல்லவா, தமிழைவிட ஹிந்தி அவளுக்குச் சுலபம். துண்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போன பணியாளரிடம் ஓடிப்போய், "பையா, பூல் பந்த் ஹை க்யா?" என்று கேட்டாள்.

"நஹீ பேட்டா, குலா ஹை," என்றார் அவர். மூடவில்லை, திறந்துதான் இருக்கிறது என்று. நான் நாலு எட்டுத் தள்ளி நின்றேன். தெளிவாகக் கேட்டது.

கனி திரும்பி என்னைப் பார்த்தாள். பிள்ளைகளே, அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அவள் முதலில் என்னைப் பார்த்தாள், அப்புறம் மாமாவைப் பார்த்தாள். பிறகு தலையிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வந்து, "ஆமா மாமா, பூல் பந்த். தண்ணி மாத்துறாங்களாம்," என்றாள்.

பதினோரு வயதுப் பிள்ளை, தன் பிறந்தநாள் அன்று, தன் அப்பனுக்காகப் பொய் சொன்னாள். அந்தப் பளிங்குத் தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அதற்கும் அறை எடுத்திருக்க வேண்டுமோ என்னவோ, விழுங்கவில்லை.

வெளியே வந்து, பக்கத்துப் பூங்காவில் ஒரு வேப்பமரத்தடியில் துண்டுகளை விரித்து உட்கார்ந்தோம். செல்வி புளிச்சோறு வைத்தாள். நான் இரண்டாவது கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"தண்ணி எல்லாம் மாத்தல," என்றேன். "என்னைத்தான் உள்ள விடல."

செந்தில் ஒரு கணம் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். வடகம் புரையேறும்வரை சிரித்தான். "அத்தான், நீங்க மேஜைகிட்ட நின்ன தினுசுலயே எனக்குத் தெரியும். சீதாப்பூர்னு சொன்னது சோபா வரைக்கும் கேட்டுச்சு!"

"எனக்கும் கேட்டுச்சுங்க," என்றாள் செல்வி. "வாயைப் பொத்திக்கிட்டுப் பேசாம இருந்தேன்."

கனி மட்டும் சிரிக்கவில்லை. "என்னப்பா நீங்க! நான் உங்களுக்காகப் பொய் சொன்னேன்ல? அது பேகார் ஆயிடுச்சே, வேஸ்ட்டாப் போச்சே!" என்றாள்.

அடுத்த ஞாயிறு, செய்த பாவத்தைக் கழுவ, அவள் நீச்சல் கற்ற விளையாட்டு அரங்கத்துக் குளத்துக்கே கூட்டிப்போனேன். அவளை ஸ்கூட்டர் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சீட்டு வாங்கப் போனால், ஜன்னலில் பலகை தொங்கியது. நான் திரும்பி வந்தேன். வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

"கனி... தண்ணி மாத்துறாங்களாம்மா."

அவள் நேராகக் காவலரிடம் போனாள். "பையா, பூல் பந்த் ஹை க்யா?" அவர் ஆமாம் என்றார். அவள் நம்பவில்லை. கம்பி வேலி வழியாக எட்டி, காலிக் குளத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. ஒவ்வொரு வருஷமும் என் பிறந்தநாளுக்கு அந்த ஹோட்டலிலிருந்து வாழ்த்து வரும். 'எங்கள் மதிப்புமிக்க உறுப்பினரே' என்று அவள்தான் சத்தமாக வாசிப்பாள். செல்வியோ, நான் பால் வாங்க மறந்துவிட்டுக் கடை மூடியிருந்தது என்று சொன்னால் போதும், "ஏன், தண்ணி மாத்துறாங்களா?" என்பாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

போன வாரம் ஸ்கூட்டர் பங்க்சர், டியூஷனுக்குக் கொண்டுபோய் விட முடியாது என்று கனியிடம் சொன்னேன். உண்மையாகவே பங்க்சர். அவள் சரிப்பா என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நாலு மாடி இறங்கிப் போய் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தாள்.