மூன்றாவது தோல்வி குறித்து ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழை இருபத்திரண்டு வருடமாக அட்டை முதல் அட்டை வரை படித்துவரும் வாசகன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமா என்று தாங்கள் கேட்டதாக வைத்துக்கொண்டு, நலமே என்று பதிலும் சொல்லிவிட்டு, விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற இதழில் 'ஒரு கம்பெனி, ஏழு தோல்விகள்' என்ற கட்டுரையைப் படித்தேன். அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்தொன்பது வருடம் சர்வீஸ் மெக்கானிக்காகக் குப்பை கொட்டியவன் நான். ஏழில் ஆறைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. மூன்றாவதாக நிறுத்தியிருக்கிறீர்களே, கம்ப்யூட்டர், திரை, பிரிண்டர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்குமே, நாங்கள் 'தவளை' என்று கூப்பிட்ட பச்சை மிஷின், அதைத் தோல்வி என்று எழுத உங்கள் நிருபருக்கு எப்படி மனசு வந்தது? அவர் தவளையைத் தொட்டாவது பார்த்திருக்கிறாரா? நீங்கள் போட்டிருக்கும் படம் தவளையே அல்ல. அது ஏதோ மைக்ரோவேவ் அடுப்பு.

குறை இருந்தது உண்மை, மூடி மறைக்க மாட்டேன். பிரிண்டர் ஓடினால் பெட்டி முழுக்க அதிரும், அதிர அதிர உள்ளே மெமரி கார்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று மேலே வரும், நாற்பது ஐம்பது பக்கத்தில் திரை இருண்டுவிடும். நான் போய் மூடியைத் திறந்து கார்டைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் பழையபடி உயிர் வந்துவிடும். அழுத்த நாலு விநாடி, போய்ச் சேர ரெண்டு பஸ். நாலு விநாடியில் முடித்தால் மெக்கானிக்குக்கு என்ன மரியாதை? அதனால் முக்கால் மணி நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பேன். நடுநடுவே "ம்ஹூம்" என்பேன்.

குடிநீர் அலுவலகம் ஒன்றில் ஒரு தவளை ஒரே வருடத்தில் பதினாலு தடவை செத்தது. அங்கே அதில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள்தான் பிற்பாடு என் மனைவி. கல்யாணமாகி நாலாம் நாள், துணி மடிச்சுக்கிட்டே சாவகாசமா சொல்றா: "முதல் ஆறு தடவை அது தானா கழண்டுச்சு. மிச்சம் எட்டு தடவை நான்தான் கழட்டிவிட்டேன்."

"ஏன்டி, எங்க கம்பெனி மானமே போச்சேடி. மேலிடத்துல இருந்து ஓலை மேல ஓலை வந்துச்சு தெரியுமா?"ன்னேன்.

"நீங்க வாயைத் திறந்து கேட்டிருந்தா ஆறோட முடிஞ்சிருக்கும். 'ம்ஹூம், ம்ஹூம்'னு கார்டையே பாத்துக்கிட்டிருந்தா நான் என்ன பண்றது?"ன்னா.

ஆகவே ஐயா, தங்கள் கட்டுரையில் கொடுத்திருக்கும் பழுதுகளின் எண்ணிக்கையில் எட்டைக் கழித்துத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். சாட்சி கேட்டால் கொண்டுவர முடியாது. அவள் போய் மூணு வருஷமாகிறது.

அடுத்து வந்த மிஷினை 'வெற்றிச் சிகரம்' என்று வானளாவப் புகழ்ந்திருக்கிறீர்கள். அந்தச் சிகரத்தின் அடியில் நசுங்கியவன் நான். அது கெட்டே போகாது. சர்வீஸ் அறையில் பதினோரு பேரும் ஸ்க்ரூ டிரைவரைத் துடைச்சு வச்சிட்டு ஃபோனையே பாத்துக்கிட்டு இருப்போம், அது அடிக்காது, ஃபோன்தான் கெட்டுப்போச்சோன்னு எடுத்துக் காதுல வச்சுப் பாப்போம், கொய்ங்னு சத்தம் நல்லாத்தான் இருக்கும். ஒன்றரை வருஷத்துல பிரிவையே இழுத்து மூடிட்டாங்க. கெட்டுப்போகாத மிஷினால வீட்டுக்கு அனுப்பப்பட்டவனிடம் வந்து எது வெற்றி, எது தோல்வின்னு பாடம் நடத்தினா எப்படிங்க?

இதை யாரிடமாவது சொல்லியே ஆகணும்னு மகளுக்கு ஃபோன் போட்டேன். "அப்பா, தவளையா? வீட்டுக்குள்ளயா?"ன்னு பதறினா. விளக்கினேன். "சரிப்பா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்"னா. அந்த அப்புறம் இன்னும் வரலை, நல்ல பொண்ணுதான், வேலை அப்படி. கீழ்வீட்டுக்காரர்கிட்ட பத்திரிகையை நீட்டினேன், பழைய பேப்பர் போடறேன்னு நினைச்சு நன்றி சொல்லி உள்ளே கொண்டுபோயிட்டார். திருப்பி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

கடைசியில் வேறு வழியில்லாமல் சேல்ஸ்காரனிடம் போனேன். தவளையை ஊரெல்லாம் விற்றவன் அவன். "இது கெட்டுச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்"னு சொல்லிச் சொல்லியே விற்பான். ஒரு வாடிக்கையாளர் முன்னாடி நான் சும்மா இருக்காம, "இந்நேரம் இவர் அம்பது தடவை எடுத்திருக்கணுமே"ன்னுட்டேன். அன்னிக்கு நின்ன பேச்சுதான், இருபத்தாறு வருஷமாச்சு. கதவைத் திறந்தான். மீசை முழுக்க வெளுத்திருந்தது.

"என்னய்யா?"ன்னான். பத்திரிகையை நீட்டினேன். நின்னபடியே படிச்சான். "தோல்விதான். இதுல என்ன சந்தேகம்?"

"வித்தவனே இப்படிச் சொல்லலாமா?"

"வித்ததாலதான் சொல்றேன். உள்ளே வா, வாசல்ல நின்னு கத்தாதே."

ரெண்டு மணி நேரம் கத்தினோம், உள்ளேதான். முடிவு வரலை. சோதிச்சுப் பாத்துடுவோம்னு மறுநாள் மத்தியானம் அவனே என் வீட்டுக்கு வந்தான். அலமாரி மேல ஒரு தவளை வச்சிருக்கேன், ரெண்டு பேருமா இறக்கினோம், இறக்கிட்டு ஆளுக்கொரு நாற்காலியில கால் மணி நேரம் மூச்சு வாங்கினோம். அச்சடிக்கிறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்லை. 'தவளை தோல்வியல்ல'ன்னு டைப் அடிச்சு அம்பது பக்கத்துக்கு விட்டேன். நாற்பத்தோராம் பக்கத்துல திரை இருட்டிடுச்சு. அவன் கைதட்டினான். நான் மூடியைத் திறந்து கட்டைவிரலை வச்சு அழுத்தினேன். வெளிச்சம் வந்துடுச்சு.

"பாத்தியா? இதுக்குப் பேரு தோல்வியா? கூப்பிட்டா ஒரு ஆள் வரணும், அவ்வளவுதானே?"

"கூப்பிட்டா வர ஆளில்லையே இப்போ"ன்னான்.

நான் பிரிண்டரை மறுபடி ஓட விட்டேன். மிச்சம் ஒன்பது பக்கமும் முடிஞ்சதும் அவன் எழுந்துட்டான். "வியாழக்கிழமை வரேன். உனக்கு இன்னும் புரியவேண்டியது நிறைய இருக்கு"ன்னுட்டுப் போனான்.

எனவே ஐயா, மேற்கண்ட காரணங்களை முன்னிட்டு மூன்றாவது தோல்வியைப் பட்டியலிலிருந்து நீக்கி, அடுத்த இதழிலேயே வருத்தம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இதழ் பல்லாண்டு வாழட்டும். நிருபருக்கு நல்ல புத்தியும் சரியான புகைப்படங்களும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் சர்வீஸ் மெக்கானிக்

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் இந்தக் கடிதத்தை இன்று வந்த சேல்ஸ்காரனிடம் காட்டினேன். மெதுவாக, எழுத்தெழுத்தாகப் படித்தான். அந்த எட்டு தடவை வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். "நீ சொல்றதுதான்யா சரி. தோல்வியே இல்லை"ன்னு சொல்லிட்டு காப்பி டம்ளரைக் கீழே வச்சான், எழுந்து செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டான். மணி மூணுகூட ஆகலை. சரின்னு ஆயிட்டா அப்புறம் பேச என்னங்க இருக்கு? "இல்லைய்யா, யோசிச்சுப் பாத்தா நீ சொன்னதுதான் சரி, அது படுதோல்வி"ன்னேன். "எவன் சொன்னான்?"னு திரும்ப உட்கார்ந்துட்டான். இப்போ உள்ளே பிரிண்டருக்குப் பேப்பர் போட்டுக்கிட்டிருக்கான். ஆகையால் தயவுசெய்து மேலே எழுதியது எதையும் பிரசுரிக்க வேண்டாம். வருத்தமும் தெரிவிக்க வேண்டாம். மற்ற ஆறு தோல்விகளைப் பற்றியும் இன்னும் விரிவாக எழுதச் சொல்லுங்கள். மொத்தமாக வேண்டாம், வாரத்துக்கு ஒன்று போதும்.