இத்தாலி மாப்பிள்ளைக்குச் சுட்ட கனோலி

பீளமேடு,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் பாலுசாமி அவர்களுக்கு, சென்னியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை நாச்சியம்மாளும் மகள் நித்யஸ்ரீயும் உடம்பளவில் சௌக்கியம். சூலூரில் நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கவும், உங்கள் தறிகள் நிற்காமல் ஓடவும் மருதமலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எப்போது பேசினாலும் பின்னால் பஸ்ஸோ தறியோ இரைகிறது. விஷயம் பெரிது என்பதால் எழுதுகிறேன்.

நித்யஸ்ரீக்கு நீங்கள் சொன்ன வரன் வேண்டாம் என்று அவர்களிடம் தெரிவித்துவிடவும். அந்தப் பையன் கிருபாசங்கர் நம்மிடம் பொய் சொல்கிறார் என்று சந்தேகப்படுகிறேன். நடந்ததைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் நீங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டே, பையன் இத்தாலியில் ஃபேக்டரி இன்ஜினியர் என்று சொன்னீர்கள். போட்டோவும் அனுப்பினீர்கள். அதில் ஸ்வெட்டர் போட்டு மலைக்கு முன்னால் நிற்கிறார். பார்த்ததுமே ஆல்ப்ஸ் மலை என்று தெரிந்துகொண்டேன். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு பெண் பார்க்க வருவதாகச் சொன்னதும், பஜ்ஜியும் கேசரியும் கொடுத்தால் நன்றாகவா இருக்கும் என்று யோசித்து, அவர்கள் ஊரில் பண்டிகைக்குச் சுடும் கனோலி என்ற பலகாரத்தைச் செய்வதென்று முடிவெடுத்தேன். மைதாவைத் தேய்த்து இரும்புக் குழாயில் சுற்றி எண்ணெயில் பொரித்து, குழாயை உருவிவிட்டு, உள்ளே இனிப்புப் பால்கட்டியை அடைக்க வேண்டும். அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவனுக்கு இது ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன்.

முதலில், வீட்டில் கிடந்த, நூல் சுற்றும் மில் பாபினில் மாவைச் சுற்றி எண்ணெயில் போட்டேன். அது பிளாஸ்டிக் பாபின் என்பது, அது கரைந்த பிறகுதான் தெரிந்தது. தீபாவளி முறுக்குக்கு வாங்கிய கடலை எண்ணெய் மூன்று லிட்டரும் ஊதா நிறமாகிவிட்டது. நாச்சியம்மாள் கரண்டியோடு வந்து என்னைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அண்ணனான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடனே உக்கடத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அமீர் ஹம்சா பாயிடம் போனேன்.

"ஸ்டீல் குழாய் வேணும் பாய், அஞ்சு இஞ்ச் நீளம், இருபது பீஸ்."

"எந்த மோட்டாருக்குங்கண்ணா?"

"மோட்டாருக்கு இல்லீங்க, பலகாரத்துக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். "பலகாரத்துக்கு டாலரன்ஸ் எவ்வளவுங்கண்ணா வெக்கறது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்து, அளவு கூடக்குறையப் பாயின்ட் நாட் ஃபைவ் மில்லிமீட்டர் வரை போகலாம் என்று வைத்துக்கொண்டோம். தங்கம் மாதிரி வேலை, மச்சான்.

அடுத்தது மாவு. வீடியோவில் வெள்ளைக்காரி மாவில் மார்சாலா இரண்டு கரண்டி ஊற்றச் சொன்னாள். நாச்சியம்மாள், "இனிப்புக்குப் போயி ஆராச்சும் மசாலா போடுவாங்களா?" என்றாள். "அந்த ஊர்ப் பழக்கம், நமக்கென்ன தெரியும், போடு" என்றேன். கறி மசாலா இரண்டு கரண்டி போட்டோம். மார்சாலா என்பது ஒரு வகை ஒயின் என்று நித்யஸ்ரீ ஆபீஸ் விட்டு வந்துதான் சொன்னாள். அதற்குள் அறுபது குழாய் பொரித்தாகிவிட்டது. மணம் தெருமுனை வரைக்கும் போய், எதிர்வீட்டுக்காரர் கோழிக் குழம்பா என்று கேட்டுவிட்டுப் போனார். பால்கட்டி கிடைக்காமல் பாலைத் திரித்துச் சர்க்கரை போட்டு அடைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பையனும் அவங்க அம்மாவும் வந்தார்கள். தட்டை முன்னால் வைத்துவிட்டு, அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம் என்று எதிரிலேயே உட்கார்ந்தேன். ஒன்றை எடுத்துக் கடித்து ரொம்ப நேரம் மென்றார்.

"முட்டை பப்ஸுங்களா மாமா?" என்றார்.

இத்தாலியில் இருக்கிறவருக்குக் கனோலி தெரியவில்லை, மச்சான்! அதிர்ச்சியிலிருந்து நான் மீள்வதற்குள் அவங்க அம்மா கடித்ததில் 'கடக்' என்று சத்தம். குழாயை உருவ மறந்திருக்கிறோம். அந்தம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லீங்க, பல்லு கெட்டிதானுங்க" என்றார். பண்பானவர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

சந்தேகம் வந்துவிட்டதால் மெதுவாக விசாரித்தேன்.

"அங்க குளிருதுங்களா தம்பி?"

"ரொம்பக் குளிருமுங்க மாமா. சாயங்காலமாச்சுனா காட்டெருமை ரோட்டுல வந்து நின்னுக்கும்."

இத்தாலியில் காட்டெருமையா? சரி, இருக்கலாம் என்று அடுத்ததைக் கேட்டேன்.

"ஊருக்கு எப்பப்ப வருவீங்க?"

"மாசம் ரெண்டு வாட்டி வந்துருவேனுங்க. நாலு மணி நேரந்தானுங்களே. பஸ்ஸுல சன்னலோரம் கெடச்சா தூங்கிட்டே வந்தர்லாமுங்க."

எனக்குத் தலை சுற்றியது. கடல் தாண்டி நாலு மணி நேரத்தில் எந்த பஸ் வருகிறது? நான் நாச்சியம்மாளைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். நித்யஸ்ரீயோ, இவ்வளவு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று நிமிர்ந்து அந்தப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவருடைய பொய் அவளுக்கும் புரிந்து ஏளனமாகச் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். போகும்போது அவர் மிச்சமிருந்த கனோலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது ஏன் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

ஆகவே தாய்மாமன் என்ற முறையில் தாங்களே அவர்களிடம் நயமாகப் பேசி முடித்துவிடவும். அந்தம்மாவின் பல்லையும் விசாரித்ததாகச் சொல்லவும். தீபாவளிக்குக் குடும்பத்தோடு வாருங்கள். புது எண்ணெய் வாங்கிவிட்டோம். பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
சென்னியப்பன்

பின்குறிப்பு: உறையில் முகவரி எழுதக் கொடுத்தபோது நித்யஸ்ரீ இதைப் படித்துவிட்டாள். "அப்பா, அவர் இத்தாலி இல்லீங்கப்பா, இத்தலாருங்க. ஊட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கற ஊரு. அங்க தேயிலை ஃபேக்டரியில இன்ஜினியருங்க" என்கிறாள். காட்டெருமை என்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டதாம். "அப்பவே ஏங்கண்ணு சொல்லல?" என்று கேட்டேன். முகவரியை எழுதிக்கொண்டே, "உங்களுக்கும் புரிஞ்சிருக்கும்னுதான் நெனச்சேனுங்க. நீங்க இத்தாலின்னு சொன்ன நாள்லிருந்து எனக்குச் சோறே எறங்கலீங்கப்பா. அத்தன தொலவு போயிட்டா உங்களயும் அம்மாவயும் எப்பப் பாக்கறது? நாலு மணி நேரம்னு அவர் சொன்னதுக்கப்புறந்தான் மூஞ்சியவே நிமிந்து பாத்தேன்" என்றாள். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் போனில் பேசிவிட்டார்களாம். அந்தக் கனோலியை அவர் ஃபேக்டரிக்கு எடுத்துப்போய்க் கொடுத்தாராம்; டீயோடு சாப்பிட ஜோர் என்று எல்லோரும் சொல்கிறார்களாம்.

எனவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு, சம்மதம் என்று அவர்களிடம் சொல்லவும். நல்ல நாளும் பார்த்துவிடவும். பீளமேட்டிலிருந்து இத்தலாருக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதையும் உடனே தெரிவிக்கவும்.